எந்த இரைச்சலுக்கு எந்த பிக்கப்? எலக்ட்ரிக் கிட்டார் பிழை நீக்கும் வழிமுறை

"கிட்டார் ரொம்ப இரையுது, எந்த நாய்ஸ்லெஸ் பிக்கப் வாங்கலாம்?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்படி இரைகிறது? 'ம்ம்ம்' என்றா, 'ஜ்ஜ்ஜ்' என்றா, 'ஸ்ஸ்ஸ்' என்றா, இல்லை 'கீ' என்றா? கேட்டவர் முழிப்பார். இரைச்சல் என்றால் இரைச்சல்தானே, அதில் என்ன ரகம் என்று தோன்றும். ஆனால் இந்த நாலில் நாய்ஸ்லெஸ் பிக்கப் நேராகத் தீர்ப்பது முதலாவதை மட்டும்தான். (பிக்கப் என்பது கம்பிகளின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும், காந்தமும் வயர்ச் சுருளும் சேர்ந்த பகுதி; அந்தச் சுருள்தான் காயில். நாய்ஸ்லெஸ் என்பது இரைச்சலைத் தானே கழித்துக்கொள்ளும் வகை.)

ஒரு தம்பி புது பிக்கப் மூன்றையும் பெட்டி பிரிக்காமல் கொண்டுவந்து, "அண்ணே, மாட்டிக் கொடுங்க" என்றார். பழையதைக் கழற்றும் முன் பிரிட்ஜில் (உடல்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் உலோகம்) ஒரு முனையும் கேபிள் செருகும் ஜாக்கின் வெளி உலோகத்தில் மறு முனையுமாக மல்டிமீட்டரை வைத்தேன். தொடர்பே இல்லை. பின்பக்க மூடியைத் திறந்தால், ட்ரெமலோ ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டில் பற்றவைத்து, கம்பிகளை கிரவுண்டோடு (சிக்னலின் மறு முனையான பொது இணைப்பு) சேர்க்கும் கருப்பு வயர் விடுபட்டுக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு ஈயத்தில் பாதி இரைச்சல் போயிற்று. பெட்டி பிரிக்காததால் அந்த பிக்கப்புகளைத் திருப்பிக் கொடுக்கவும் முடிந்தது.

அதனால் காசை எடுக்கும் முன் கீழே உள்ளதைச் செய்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

முதலில் மூன்று சோதனை

எஃபெக்ட்ஸ் பெடல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கிட்டார், ஒரு கேபிள், ஆம்ப், அவ்வளவுதான். கெய்ன் (ஆம்ப் சிக்னலைப் பெருக்கும் அளவு) நீங்கள் வழக்கமாக வாசிக்கும் அளவிலேயே இருக்கட்டும். எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் ஸ்விட்ச் எந்த இடத்தில் அதிகம் இரைகிறதோ அங்கே வையுங்கள்.

ஒன்று, கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து கேளுங்கள். இரண்டு, வால்யூமை முழுக்க ஏற்றி, கம்பிகளில் கை படாமல் கேட்டுவிட்டு, பிறகு கையை வைத்துக் கேளுங்கள். மூன்று, கிட்டாரை மடியில் வைத்தபடி உட்கார்ந்த இடத்திலேயே மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். இரைச்சல் ஏறி இறங்குகிறதா, ஏதாவது ஒரு திசையில் கிட்டத்தட்டக் காணாமல் போகிறதா என்று கவனியுங்கள்.

மூன்றுக்கும் கிடைத்த பதிலை எங்காவது எழுதிக்கொண்டு கீழே வாருங்கள்.

அறிகுறி: வால்யூம் பூஜ்யத்திலும் இரைகிறது

அப்படியானால் பிக்கப் குற்றவாளி அல்ல. பெரும்பாலான கிட்டார்களில் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும்போது ஜாக்கின் 'சூடான' முனை, அதாவது சிக்னல் முனை, நேராக கிரவுண்டோடு சேர்ந்துவிடும். பிக்கப் என்ன சொன்னாலும் ஆம்புக்குக் கேட்காது. மிச்சம் இருப்பது கேபிள், ஆம்ப், மின் இணைப்பு. கேபிளை மாற்றிப் பாருங்கள். ஆம்பில் எதையும் செருகாமல் கேளுங்கள். ஆம்பும் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு வழியில் எர்த் ஆகி ஒரு வளையம் உண்டாகியிருக்கலாம். இந்த அறிகுறி உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்தது.

அறிகுறி: கம்பியைத் தொட்டதும் 'ஜ்ஜ்ஜ்' அடங்குகிறது

இதுதான் அடிக்கடி வரும் புகார். இதைக் குறையாகவே நினைக்க வேண்டாம். கம்பிகளின் கிரவுண்ட் இணைப்பு சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சுவரில் ஓடும் மின்கம்பி, விளக்கு, டிம்மர், சார்ஜர் எல்லாவற்றின் மின்புலத்தையும் உங்கள் உடம்பு ஒரு ஆன்டெனாபோல வாங்கி, வயிற்றோடு ஒட்டியிருக்கும் கிட்டாருக்குள் தள்ளுகிறது. கம்பியைத் தொட்டதும் உடம்பும் கிரவுண்டாகிவிடுகிறது. அதுவரை இரைச்சலைக் கடத்தியவர் அடுத்த நொடியே கவசமாக மாறிவிடுகிறார்.

தொட்டால் அடங்கினாலும், வாசிக்காமல் கையை எடுக்கும் ஒவ்வொரு முறையும் கேட்கிறதே என்றால், வேண்டியது ஷீல்டிங், அதாவது உள்ளே ஒரு உலோகக் கவசம். ஹம்பக்கிங் பிக்கப் (ஹம்பக்கர், இரண்டு காயில் வைத்து 'ம்ம்ம்' இரைச்சலைக் கழிக்கும் வகை) இதை ஓரளவு குறைக்கலாம், முழுக்கத் தீர்க்காது. ஏனென்றால் மின்புலம் வயரிலும், வால்யூம், டோன் திருகிகளான 'பாட்'களிலும், ஸ்விட்சிலும் எங்கு வேண்டுமானாலும் புகும். காயில் வழியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை.

பசையும் மின்சாரம் கடத்தும் வகைச் செம்பு டேப்பை வாங்குங்கள். பிக்கப் குழி, கன்ட்ரோல் குழி, பிக்கார்டின் (கம்பிகளுக்கு அடியில் உடலை மூடும் பிளாஸ்டிக் தகடு) அடிப்பக்கம் எல்லாவற்றையும் மூடுங்கள். ஒட்டி முடித்ததும் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு மல்டிமீட்டரில் தொடர்பு பாருங்கள். எங்காவது அறுந்திருந்தால் அந்தத் துண்டு அலங்காரத்துக்குத்தான். பிறகு மொத்தத்தையும் ஒரு வயரால் கிரவுண்டோடு இணைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு "ஷீல்டிங் பண்ணியும் போகலை" என்பவர்கள் நிறைய. கடத்தும் பெயின்டும் பயன்படும். இரண்டு மூன்று பூச்சு தேவைப்படும், வளைவான குழிக்கு அதுதான் வசதி.

நான் முதன்முறை செய்தபோது எல்லாம் கச்சிதமாக ஒட்டி, மூடி, செருகினால் சத்தமே இல்லை. இரைச்சலும் இல்லை, கிட்டாரும் இல்லை. ஒரு மணி நேரம் தேடியபின் தெரிந்தது: பிளக்கைச் செருகும்போது ஜாக்கின் நாக்கு வெளியே வளைந்து, குழிச் சுவரில் நான் அத்தனை அக்கறையாக ஒட்டிய செம்பைத் தொடுகிறது. அந்த இடத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் போதும். ஜாக் குழிக்கு இப்போதெல்லாம் ஒட்டும்போதே அதையும் சேர்த்து ஒட்டிவிடுகிறேன்.

அறிகுறி: கம்பியைத் தொட்டதும் இரைச்சல் கூடுகிறது

ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கும். சத்தம் வழக்கம்போல வரும், அதனால் சந்தேகமே வராது. ஆனால் கம்பிகள் கிரவுண்டுக்குப் பதில் சிக்னல் முனையோடு சேர்ந்திருக்கும். மாற்றிப் பற்றவையுங்கள்.

தொடும்போது இரைச்சலோடு கையில் சுரீர் என்று ஷாக் அடித்தால் அது வேறு கதை. ஆம்பையோ அது செருகியிருக்கும் பிளக் பாயின்டையோ எலக்ட்ரீஷியனிடம் காட்டும்வரை வாசிக்காதீர்கள். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று ஆம்பின் எர்த் பின்னை உடைப்பதும் கழற்றுவதும் உயிரோடு விளையாடுவது.

அறிகுறி: திரும்பினால் 'ம்ம்ம்' ஏறி இறங்குகிறது

இதற்குத்தான் புது பிக்கப்.

ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர், பெடல்களின் அடாப்டர் இவையெல்லாம் வீட்டு மின்சாரத்தின் வேகத்தில் துடிக்கும் காந்தப்புலத்தைச் சுற்றிலும் வீசுகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள இடத்தில் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் சேர்ந்து கேட்கும். தடித்த ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டை மீட்டிப் பாருங்கள், அது 98 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதே சுருதி. 60 ஹெர்ட்ஸ் இடமென்றால் 120 ஹெர்ட்ஸ், ஐந்தாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் எங்கோ. இரைச்சல் அந்தச் சுருதியில் கனமாக முனகி, திசைக்குத் திசை மாறினால், காந்தப்புலம் காயிலை நேராகக் குத்துகிறது என்று அர்த்தம்.

செம்பு டேப் இதற்கு எடுபடாது. 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைச் செம்பால் ஓரளவு தளர்த்தவே 9 மில்லிமீட்டர் கனம் வேண்டும். நாம் ஒட்டும் டேப் அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இலவச வைத்தியம் ஒன்றுண்டு: ஆம்பிலிருந்து ஒரு ஆள் நீளம் தள்ளி உட்கார்ந்து, இரைச்சல் குறைகிற திசையைப் பார்த்து வாசிப்பது. வீட்டுக்கு அது போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மேடையில் அந்தச் சொகுசு கிடையாது.

தீர்வின் மூலம் எளிமையானது. இரண்டு காயில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைத்தவை. வெளியிலிருந்து வரும் காந்தப்புலம் இரண்டிலும் ஒரே மாதிரி நுழைந்து, இணைப்பில் கழிபட்டுப் போகும். காந்தங்களையும் எதிரெதிராக வைத்தால் கம்பியின் சத்தம் மட்டும் கூடும். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் இதற்குக் காப்புரிமை கேட்டார், 1959-இல் கிடைத்தது. ஃபெண்டர் 1957-இல் பிரிசிஷன் பேஸ் கிட்டாரில் காயிலை இரண்டாகப் பிளந்து, பாதிக் கம்பிகளுக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று என்று வைத்ததும் அதே கணக்குதான்.

ஹம்பக்கருக்கு இடமிருக்கும் கிட்டாரில் யோசிக்க ஒன்றுமில்லை. திண்டாட்டம், சிங்கிள் காயில் அளவுக் குழிக்குள் இரண்டு காயிலை அடைக்க வேண்டியவர்களுக்குத்தான். மூன்று நான்கு வழி உண்டு, ஒவ்வொன்றும் சத்தத்தில் எதையாவது விலையாக எடுத்துக்கொள்ளும்.

அடுக்கு வகையில் ஒரு காயில் மேலே, இன்னொன்று அதன் கீழே. மேலே உள்ளது கம்பியையும் இரைச்சலையும் கேட்கும், கீழே உள்ளது பெரும்பாலும் இரைச்சலை மட்டும். பார்வைக்குப் பழைய பிக்கப் மாதிரியே இருக்கும், குணமும் அதற்குப் பக்கத்தில் வரும். ஆனால் கீழ்க்காயிலும் கம்பியைக் கொஞ்சம் கேட்டுவிடுவதால் சத்தத்தில் ஒரு பங்கு கழிபடும். உச்சியில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் கிணுகிணுப்பு சற்று மங்கலாம். உயரமும் அதிகம். வாங்கும் முன் உங்கள் குழியின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். பொதுவாக விளம்பரப் படத்தில் எல்லா பிக்கப்பும் ஒரே உயரம்தான்.

பக்கவாட்டு வகையில் மெல்லிய இரண்டு பட்டைகள் அருகருகே இருக்கும். பிக்கப் நிறுவனமான செய்மோர் டங்கனின் ஹாட் ரெயில்ஸ் இந்த ரகம். பெயரே சொல்கிறது, சூடாக இருக்கும். கனமான டிஸ்டார்ஷனுக்கு அருமை. ஆனால் சிங்கிள் காயில் சத்தத்தை இதில் தேடினால் ஏமாற்றம்தான், ஒடுங்கிய உடம்புக்குள் இருப்பது ஒரு ஹம்பக்கர்.

பிளந்த வகை நான் கொஞ்சம் பட்சபாதமாகவே பேசுவது. ஒவ்வொரு கம்பியையும் ஒரே காயில் ஒரே இடத்தில்தான் கேட்கிறது என்பதால் தெளிவு கெடுவதில்லை. ஜி அண்ட் எல் கோமான்ச்சி கிட்டாரில் வரும் இஸட் வடிவக் காயில் இந்தக் குடும்பம். குறை என்னவென்றால், காயில் பிரியும் இடத்தை ஒட்டிய கம்பியை வளைத்து வாசிக்கும்போது சில மாடல்களில் சத்தம் லேசாகத் தொய்யும்.

ஆக்டிவ் வகையில் இஎம்ஜி, ஃபிஷ்மன் ஃபுளூயன்ஸ் போன்றவை உள்ளேயே ஒரு சிறு ப்ரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சுற்று) வைத்திருக்கும். நிசப்தம் என்றால் இதுதான். ஆனால் 9 வோல்ட் பேட்டரிக்கு இடம் வேண்டும், பாட்களை 25 கிலோ ஓமுக்கு மாற்ற வேண்டும், பிளக்கைச் செருகியே வைத்தால் பேட்டரி தீரும். கிட்டாரின் வயரிங் முழுவதையும் மாற்றத் தயாரானவர்களுக்கு மட்டும்.

இன்னொரு கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் கிலோ ஓம் எண்ணை வைத்து 'எது சத்தம் அதிகம்' என்று முடிவு செய்யாதீர்கள். சாதாரண ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) பிக்கப் சுமார் 6 கிலோ ஓம் காட்டும். அடுக்கு வகை அதைவிட மிக அதிகமாகக் காட்டினாலும் சத்தத்தில் அதற்கு இணையாகவே இருக்கலாம். இரண்டாவது காயிலும் அந்த எண்ணில் சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

அறிகுறி: ஸ்விட்ச் நிலை இரண்டிலும் நான்கிலும் அமைதி, ஒன்று மூன்று ஐந்தில் 'ம்ம்ம்'

ஐந்து நிலை ஸ்விட்சுள்ள பல கிட்டார்களில் நடு பிக்கப்பை எதிர்ச் சுற்றில், எதிர்க் காந்தத்தோடு வைத்திருப்பார்கள். இரண்டாம், நான்காம் நிலைகளில் பக்கத்து பிக்கப்போடு சேரும்போது இரண்டும் சேர்ந்து ஒரு ஹம்பக்கர் ஆகிவிடும். பழுதில்லை, வடிவமைப்பே அப்படி.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முதல் நிலையில் தனியாக ஒலிக்கும் பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் நாய்ஸ்லெஸ் ஆக்கினால், அது தன் இரைச்சலைத் தானே கழித்துக்கொள்ளும். நடு பிக்கப்பின் இரைச்சலை எதிர்த்துக் கழிக்க இனி ஆளில்லை. முதல் நிலை அமைதியாகும், இதுவரை அமைதியாக இருந்த இரண்டாம் நிலை முனக ஆரம்பிக்கும். மாற்றினால் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுங்கள், அல்லது முதல் நிலைக்காக இரண்டாவதை இழப்பது சம்மதமா என்று முன்கூட்டியே முடிவெடுங்கள்.

அறிகுறி: ஹம்பக்கர்தான், ஆனாலும் 'ம்ம்ம்'

காயில் ஸ்பிளிட் ஸ்விட்ச் இழுத்த நிலையில் இருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், இதற்காக மட்டும் இரண்டு முறை கிட்டாரைத் திறந்திருக்கிறேன். ஒரு காயிலை அணைத்துவிட்டால் மிச்சம் இருப்பது சிங்கிள் காயில், அதன் இரைச்சலோடு.

அது இல்லையென்றால் மல்டிமீட்டர். பழைய பாணி ஹம்பக்கர் சுமார் 7 முதல் 9 கிலோ ஓம் காட்ட வேண்டும். 4-க்குப் பக்கத்தில் காட்டினால் ஒரு காயில் உறங்குகிறது. பெரும்பாலும் நடு இணைப்பு வயர் எங்கோ கிரவுண்டைத் தொட்டிருக்கும். நான்கு வயர் பிக்கப்பில் இரண்டு காயிலையும் தொடராகச் சேர்க்கும் அந்த ஜோடி, செய்மோர் டங்கனில் சிவப்பும் வெள்ளையும். டிமார்சியோவில் கருப்பும் வெள்ளையும். சூடான வயர் முதலாவதில் கருப்பு, இரண்டாவதில் சிவப்பு. ஒரு நிறுவனத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்னொன்றின் பிக்கப்பை மாட்டினால் என்ன ஆகும் என்று யூகித்துக்கொள்ளுங்கள். ஜோடியை ஒன்றாக முறுக்கி, பற்றவைத்து, டேப் சுற்றிவிடுங்கள். உறையில்லாத வயர் எப்போதும் கிரவுண்டுக்கு.

அறிகுறி: புதியதை மாட்டினேன், இரண்டையும் சேர்த்தால் சத்தம் மெலிந்து மூக்கால் பேசுகிறது

இரண்டு பிக்கப்பும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. ஒன்றின் இரு வயரையும் இடம் மாற்றினால் சரியாகும். மாட்டும் முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி: மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து பிக்கப் வயர்களில் இணையுங்கள். ஸ்க்ரூடிரைவரின் இரும்பு முனையைப் பிக்கப்பின் மேல் ஒட்டவைத்து, சட்டென்று இழுங்கள். அந்தக் கணத்தில் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். கிட்டாரில் உள்ள எல்லா பிக்கப்பும் ஒரே பக்கம் போக வேண்டும்.

வயரை மாற்றும் முன் ஓர் எச்சரிக்கை. ஃபெண்டர் டெலிகாஸ்டர் கிட்டாரின் கழுத்துப் பக்க பிக்கப்பின் உலோக மூடியும், பிரிட்ஜ் பிக்கப்பின் அடித்தகடும் அதன் கிரவுண்ட் வயரோடு சேர்ந்திருக்கும். வயர்களை மட்டும் இடம் மாற்றினால் அந்த உலோகம் முழுக்கச் சிக்னல் முனையாகிவிடும், தொட்டால் 'ஜ்ஜ்ஜ்'. அந்தச் சிறு இணைப்பை வெட்டி, மூடிக்குத் தனி கிரவுண்ட் வயர் கொடுத்த பிறகே மாற்ற வேண்டும். வலைபோல் உறை சுற்றிய ஒற்றை வயர் ஹம்பக்கரிலும் இதே வம்பு. கைப்பழக்கம் இல்லாதவர்கள் இன்னொரு பிக்கப்பின் வயர்களை இடம் மாற்றிவிட்டுப் போவது புத்திசாலித்தனம்.

அறிகுறி: கெய்னை ஏற்றினால் 'கீ' என்று வீறிடுகிறது

கம்பிகளை உள்ளங்கையால் முழுக்க அமுக்குங்கள். நின்றால் அது கம்பியின் ஃபீட்பேக், சிலர் காசு கொடுத்துத் தேடுவது. நிற்காமல் அதே சுருதியில் கீச்சிட்டால் பிக்கப்புக்குள் எதுவோ ஆடுகிறது. நகத்தால் பிக்கப்பைத் தட்டினால் மைக்கில் தட்டியது மாதிரி கேட்கும். மெழுகில் தோய்க்காத காயில், தளர்ந்த மூடி, அடியில் உள்ள ஸ்பிரிங் இவற்றில் ஒன்று. முதலில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் குழாய்த் துண்டு போட்டுப் பாருங்கள். புதிதாக வாங்கினால் மெழுகு தோய்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். பழங்காலப் பிரதி என்று விற்கும் சிலவற்றில் வேண்டுமென்றே தோய்த்திருக்க மாட்டார்கள். வீட்டில் தோய்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. சூடு கொஞ்சம் கூடினால் பிளாஸ்டிக் வளைந்துவிடும், மெழுகு தீப்பிடிக்கவும் செய்யும்.

சில்லறைச் சத்தங்கள்

'ஸ்ஸ்ஸ்' என்பது கெய்னின் விலை, பெரும்பாலும் ஆம்புடையது. 'டிட்டிடிட்' என்றால் பாக்கெட்டில் இருக்கும் போன். பாட்டைத் திருகும்போது 'கரகர' என்றால் கான்டாக்ட் கிளீனர். பிக்கார்டில் விரல் உரசும்போது மட்டும் 'படபட' என்றால் நிலைமின்சாரம். லேசாக ஈரத்துணியால் துடையுங்கள், அடியில் செம்பு ஒட்டியிருந்தால் அநேகமாக வராது.

அறிகுறி: இரைச்சல் போனது, உயிரும் போனது

நாய்ஸ்லெஸ் மாட்டியவர்களின் இரண்டாவது புகார் இது. பிக்கப்பைக் குறை சொல்லும் முன் இரண்டு விஷயம். பழைய பிக்கப் இருந்த அதே உயரத்தில் புதியதையும் வைத்திருப்பீர்கள். அதற்கு எந்த நியாயமும் இல்லை. அரைத் திருகு அரைத் திருகாக ஏற்றி இறக்கி, ஒவ்வொரு முறையும் ஒரே சொற்றொடரை வாசித்துக் கேளுங்கள். அடுத்தது பாட். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் வழக்கம், ஹம்பக்கருக்கு 500. அடுக்கு வகைக்கு 250-இல் உச்சி மங்கலாகத் தெரிந்தால் 500 போட்டுப் பாருங்கள், மூடியிருந்த ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கும். ஆனால் பெட்டியில் வரும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் படியுங்கள்.

இரண்டும் செய்து, ஒரு வாரம் வாசித்தும் காது ஒப்பவில்லையென்றால் பழையதையே திரும்ப மாட்டி, ஆம்பிலிருந்து தள்ளி உட்காரலாம். அதற்காகத்தான் பழைய பிக்கப்பின் வயரைக் குட்டையாக வெட்டாமல் ஈயத்தை உருக்கி எடுத்து, எது எங்கே இருந்தது என்று ஒரு தாளில் வரைந்து, இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு வைக்கச் சொல்வது.